டிராகனே தெய்வம் என்றால் அடுத்த அரசன் யார் என்பதில் சண்டை ஏன் வரும்?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பெரிய ஃபேண்டஸி நாவல் எழுதுகிறீர்கள். கிழட்டு அரசன் சாகக் கிடக்கிறான். மூத்தவள், நடுவிலான், கடைக்குட்டி என்று மூன்று பிள்ளைகள், மூவருக்கும் பின்னால் ஆளுக்கொரு படை. மலை உச்சியில் ஒரு டிராகன் இருக்கிறது, அதுதான் நாட்டின் தெய்வம், கதைக்குள் அது கற்பனை இல்லை, உண்மையாகவே இருக்கிறது, வாய் திறந்து பேசுகிறது. மந்திரமும் உண்டு, பிசகினால் ஆளையே கொன்றுவிடும். முதல் நூறு பக்கத்தைப் படித்த நண்பர், "தெய்வம் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறதே, அதையே கேட்டுவிட்டால் முடிந்தது, இதற்கு எதற்கு ஆயிரம் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். டிராகனைத் தூங்க வைப்பதா, ஊமையாக்குவதா, கொன்றே விடுவதா என்பது உங்கள் குழப்பம். இதன் அடியில் இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: தெய்வமே தீர்ப்புச் சொன்ன பிறகும் மனிதர்கள் ஏன் அடித்துக்கொள்வார்கள்?

நான் கல்லூரியில் பழங்கால வரலாறு நடத்துகிறவன், அரசுரிமைப் போட்டிகள்தான் நான் அதிகம் படித்த பகுதி. ஃபேண்டஸி ஒரு வரிகூட எழுதியதில்லை, ஆனால் நிறையப் படிப்பேன், எழுதும் நண்பர்கள் கையெழுத்துப்படி கொடுத்தால் அதையும் படித்து அபிப்பிராயம் சொல்வேன். அதனால் கீழே வரலாறு என்று சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம், செவிவழிச் செய்தியாக வந்ததை அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன். கதை எழுதும் முறை பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு வாசகனின் ருசி, அவ்வளவுதான். உங்கள் நூறு பக்கத்தையும் நான் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில், டிராகனைத் தூங்க வைக்க வேண்டாம். அது விழித்திருக்கட்டும், பேசட்டும், ஒரு பொய்கூடச் சொல்லாமல் இருக்கட்டும். அப்போதும் சண்டை வரும். தெய்வம் கை காட்டிய ஆள்தான் அரசன் என்ற ஏற்பாடு உலகத்தில் நிஜமாகவே இருந்திருக்கிறது. இன்றைய சூடானில், நைல் கரையில், குஷ் என்றொரு அரசு இருந்தது. கி.மு. 600-ஐ ஒட்டி அங்கே அஸ்பெல்ட்டா என்பவன் பட்டத்துக்கு வந்த விதத்தை ஒரு கல்வெட்டு விவரிக்கிறது. அரசன் போய்விட்டான், படை கூடி நிற்கிறது, மேய்ப்பன் இல்லாத மந்தைபோல இருக்கிறோம் என்று புலம்புகிறார்கள், கடைசியில் ஆமுன் தெய்வத்திடமே கேட்டுவிடலாம் என்று கோவிலுக்குப் போகிறார்கள். முதலில் அரச குடும்பத்துச் சகோதரர்களைச் சாமி முன்னால் நிறுத்துகிறார்கள். சாமி ஒருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை அஸ்பெல்ட்டாவை மட்டும் நிறுத்துகிறார்கள், இவன்தான் உங்கள் அரசன் என்று ஆமுன் சொல்லிவிடுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னால் யாரோ அந்தக் கல்லில் அஸ்பெல்ட்டாவின் பெயரையும் அவன் தாய்வழி முன்னோர் பெயர்களையும் தேடித் தேடிச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். சாமி சொல்லியும் ஒத்துக்கொள்ளாத கோஷ்டி ஒன்று இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆமுன் எகிப்தில் எப்படிப் பேசினார் என்று பாருங்கள். சிலையைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்து வருவார்கள். கேள்வியை முன்வைத்தால், பல்லக்கு முன்னால் நகர்ந்தால் சம்மதம், பின்னால் போனால் மறுப்பு. எகிப்திய அரசன் மூன்றாம் துட்மோஸ் தன்னை அப்படித்தான் ஆமுன் தேர்ந்தெடுத்தார் என்று கர்னாக் கோவிலில் எழுதிவைத்தான், ஊர்வலம் வந்த தெய்வம் தன் முன்னால் வந்து நின்றுவிட்டதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நாம் சொல்வதில் இருக்கிற அரசியல் முழுக்க அந்தத் தோள்களில் இருக்கிறது. உங்கள் டிராகன் பேசும் என்கிறீர்கள், சரி. மலை மேல் ஏறிப் போவது யார்? யாரை எல்லாம் அதன் முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தது யார்? கேள்வியை எந்த வார்த்தையில் கேட்டார்கள்? "இந்த மூவரில் யார் ஆள வேண்டும்" என்று கேட்பதும் "நடுவிலான் ஆளத் தகுதி உள்ளவனா" என்று கேட்பதும் ஒன்றில்லை, இரண்டாவதுக்கு டிராகன் முழு உண்மையோடு "ஆம்" என்று சொல்லலாம், மூத்தவளைப் பற்றிக் கேட்டிருந்தால் அவளுக்கும் அதே "ஆம்" கிடைத்திருக்கும். பதிலைக் கேட்டவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் உயிரோடு கீழே இறங்கி வந்தார்கள்? உங்கள் நண்பருக்கான பதில் இந்தக் கேள்விகளில் இருக்கிறது.

குஷ் பற்றி இன்னொரு செய்தி உண்டு, ஆனால் இது கிரேக்கரான டியோடோரஸ் தாம் கேள்விப்பட்டதை எழுதிவைத்தது, கல்வெட்டுச் சான்று மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பூசாரிகள் அரசனுக்கு ஆள் அனுப்பி, நீ சாக வேண்டும் என்று தெய்வம் உத்தரவு போட்டுவிட்டது என்று சொல்வார்களாம், அரசர்களும் மறுபேச்சில்லாமல் செத்துப்போவார்களாம். எர்கமெனிஸ் என்ற அரசன் காலத்தில்தான் அது நின்றது. கிரேக்கக் கல்வி கற்றவனான அவன் படையோடு கோவிலுக்குள் புகுந்து பூசாரிகளை வெட்டிப்போட்டான். நடந்ததோ இல்லையோ, ஒரு நாவலாசிரியருக்கு இது பொன் மாதிரி. தெய்வத்தின் வார்த்தைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்ட அரசர்கள் வரிசையில் முதன்முதலாக ஒருவன் "இதைச் சொன்னது நிஜமாகவே தெய்வம்தானா?" என்று கேட்கிறான். உங்கள் கடைக்குட்டி இந்தக் கேள்வியைக் கேட்கிறவனாக இருந்தால் எப்படி இருக்கும்? அவன் தவறாகவும் இருக்கலாம். டிராகன் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்து, அவன் நம்பாமல் பூசாரிகளைக் கொன்றுவிட்டால், அதற்குப் பிறகு மலைமேல் ஏறி மன்னிப்புக் கேட்கக்கூட வழி தெரிந்தவன் எவனும் மிஞ்ச மாட்டான்.

லஞ்சம் என்ற பழைய வழியும் இருக்கிறது. கிரேக்கர்கள் குறி கேட்கப் போன டெல்ஃபி கோவிலின் கதையே ஒரு பாம்புத் தெய்வத்தில் தொடங்குகிறது, பைத்தான் என்ற டிராகனை அப்பல்லோ கொன்று அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டதாகப் புராணம். அங்கே குறி சொல்லும் பெண்ணை அதனால்தான் பித்தியா என்றார்கள். ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகர அரசுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள். கி.மு. 491-ஐ ஒட்டி அவர்களில் ஒருவனான கிளியோமெனிஸ், இன்னொருவனான டெமராட்டஸைக் கவிழ்க்க நினைத்தான். டெமராட்டஸ் தன் தகப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று கிளப்பிவிட்டு, விவகாரம் டெல்ஃபிக்குப் போனபோது, கோவில் வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஒருவனைப் பிடித்து, குறி சொல்பவளைத் தனக்குச் சாதகமாகச் சொல்ல வைத்தான். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது இது. அப்புறம் விஷயம் வெளியே வந்தது. குறி சொன்னவள் பதவியை இழந்தாள், கிளியோமெனிஸ் ஊரை விட்டு ஓடினான், திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் பித்துப் பிடித்துச் செத்தான். ஆனால் டெமராட்டஸுக்கு அரியணை திரும்பக் கிடைக்கவில்லை! அவன் இடத்தில் வந்த லியோட்டிகிடஸ் பாட்டுக்கு ஆண்டுகொண்டிருந்தான், டெமராட்டஸ் பாரசீகப் பேரரசனின் அவைக்குப் போய்ச் சேர்ந்தான். பல கையெழுத்துப்படிகளில், தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய் அம்பலமானதும் எல்லாம் சரியாகிவிடுகிறது, உரியவன் சிங்காதனம் ஏறுகிறான், புத்தகம் முடிகிறது. நிஜத்தில் பொய் அம்பலமாகிற நேரத்தில் அந்தப் பொய்யின்மேல் அதிகாரிகளின் நியமனம், நிலக்கொடை, கல்யாணம் என்று ஆயிரம் விஷயம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை இறக்கிவிட யாருக்கும் மனசு வராது.

இப்போது நிஜமாகவே டிராகனுக்குப் பக்கத்தில் வரும் ஒரு சாட்சியம். 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு இன்றைய கம்போடியாவில் இருந்த அங்கோர் தலைநகருக்குப் போய் மறு ஆண்டு வரை தங்கிய சௌ தாகுவான், அங்கே ஊரார் சொல்லக் கேட்டதை எழுதியிருக்கிறார். அரண்மனைக்குள் இருக்கும் பொற்கோபுரத்தில் ஒன்பது தலை நாகம் இருக்கிறது, நாட்டின் மண்ணுக்கெல்லாம் அதுதான் உடைமைக்காரி. ஒவ்வோர் இரவும் அது பெண்ணுருவில் வரும், அரசன் முதலில் அதனோடு படுத்த பிறகுதான் மற்ற மனைவியரிடம் போகலாம். நாகம் ஓர் இரவு வராவிட்டால் அரசனுக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று பொருள், அரசன் ஓர் இரவு போகத் தவறினால் நாட்டுக்குக் கேடு. நாகம் நம்பிக்கை, அதை விட்டுவிடலாம். ஆனால் அதே மனிதர், அப்போது ஆண்ட அரசன் எப்படி வந்தான் என்றும் சொல்கிறார். அவன் முந்தைய அரசனின் மருமகன். மகள் தகப்பனின் பொன்வாளை ரகசியமாக எடுத்துக் கணவன் கையில் கொடுத்துவிட்டாள், சொந்த மகனுக்கு அரசுரிமை போயிற்று. மகன் படை திரட்டப் பார்த்தான், புதிய அரசன் மோப்பம் பிடித்து, அவன் கால்விரல்களை வெட்டி இருட்டறையில் அடைத்தான்.

இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மண்ணுக்கே உடைமைக்காரியான நாகம் இந்தத் திருட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதாக இல்லை. அதன் கணக்கில் ஒரே ஒரு கேள்விதான், இன்றைக்கு ராத்திரி அரசன் வந்தானா இல்லையா. வந்தவன் மகனா மருமகனா, வாளை யார் எடுத்தார்கள் என்பது அதற்குத் தேவையில்லாத விவரம். உங்கள் டிராகனுக்கும் இப்படி ஒரு குறுகலான அக்கறையைக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான யோசனை. சில ஆயிரம் ஆண்டு வாழும் ஒரு ஜீவனுக்கு மனித அரசர்கள் பருவ மழை மாதிரி வந்து போகிறவர்கள். அது கவனிப்பது வேறு எதையாவதாக இருக்கட்டும்: முட்டை இருக்கும் பள்ளத்தாக்கில் யாரும் மரம் வெட்டக் கூடாது, அரச ரத்தம் மலையின் மேற்குச் சரிவில் சிந்தக் கூடாது, தலைமுறைக்கு ஒருவர் அதனிடம் வந்து தங்க வேண்டும், இப்படி ஏதோ ஒன்று. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது கொஞ்சமும் இரக்கம் காட்டாது. மற்றதில் எல்லாம் அது அலட்சியமாக இருக்கும், மனிதர்கள் அந்த அலட்சியத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், மூன்று கட்சியும் தெய்வம் தங்கள் பக்கம் என்று நம்பிக்கொண்டு போருக்குப் போகும்.

டிராகனுக்குச் சுயநலம் கொடுத்தால் இன்னும் நல்லது. பலவீனமான அரசன் அடிக்கடி மலையேறி வருவான், பலசாலி வரமாட்டான், ஆகவே டிராகன் பலவீனமானவனைத்தான் விரும்பும், அதை மறைக்காமல் வெளிப்படையாகவே சொல்லவும் சொல்லும். அப்படியானால் தெய்வத்தின் தேர்வு என்பதே ஒருவனுக்கு அவமானமாகிவிடுகிறது, பட்டம் கிடைத்தவனே அதை மறைக்கப் பார்ப்பான். இருபொருள் தரும் விடுகதை மாதிரி ஒரு தீர்க்கதரிசனத்தை டிராகன் வாயில் போட்டு, கடைசி அத்தியாயத்தில் அதன் அசல் பொருளை அவிழ்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். இது ருசிதான், சட்டம் இல்லை, ஆனால் அந்த வித்தையை மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடிக்கிற அளவுக்கு ஃபேண்டஸி வாசகர்கள் பழகிவிட்டார்கள். இரண்டாவது டிராகன் ஒன்றைக் கொண்டுவந்து எதிர்க்கட்சிக்குக் கொடுப்பதும் அப்படித்தான், அதற்குப் பிறகு அது இரண்டு மிருகங்களின் சண்டை, மனிதர்கள் வெறும் பார்வையாளர்கள்.

அரசுரிமை விதிக்கு வருகிறேன், இதில் என்னால் உறுதியாகப் பேச முடியும். வாரிசுப் போர் மூளுவதற்கு விதியே இல்லாத நாடு தேவையில்லை. விதி இருந்து, அதில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், அந்த ஓட்டையை வாசகனுக்கு ஒரு பக்கத்தில் புரியவைக்க முடிய வேண்டும். இங்கிலாந்தில் முதலாம் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் 1120-ல் கப்பல் மூழ்கிச் செத்தான். மகள் மட்டில்டாவை ஏற்போம் என்று பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைத்தார் ஹென்றி. 1135 டிசம்பர் 1-ல் அவர் இறந்தார். டிசம்பர் 22-ல் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபனுக்கு முடிசூட்டியே முடித்துவிட்டார்கள். சத்தியம் என்ன ஆனது? அரசர் சாகும் தறுவாயில் மனம் மாறிச் சத்தியத்திலிருந்து எல்லோரையும் விடுவித்தார் என்று ஒரு பிரபு சாட்சி சொன்னான், பேராயர் ஏற்றுக்கொண்டார், கருவூலம் இருந்த வின்செஸ்டரில் ஸ்டீபனின் தம்பியே ஆயராக இருந்தான். அப்புறம் மட்டில்டா கட்சிக்கும் ஸ்டீபன் கட்சிக்கும் நடந்த போர் 1153 வரை இழுத்தது. மரணப் படுக்கை, ஒரு பிரபுவின் சாட்சி, பணப்பெட்டியின் சாவி, மூன்று வாரம். உங்கள் கதையில் கிழட்டு அரசன் சாகும் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முடிவு செய்தாகிவிட்டதா?

அடுத்தது, தோற்றவனுக்கு என்ன ஆகும் என்பது. நல்லவனாகக் காட்டப்படும் பிள்ளை ஏன் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகவில்லை என்ற கேள்வி உங்கள் நண்பருக்கு இன்னும் வரவில்லை, வரும். உஸ்மானியப் பேரரசில் எல்லா மகன்களுக்கும் உரிமை சமம், ஆகவே வென்றவன் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இரண்டாம் மெஹ்மத்தின் சட்டம் அனுமதித்தது. 1595-ல் மூன்றாம் மெஹ்மத் பட்டமேறியதும் தன் 19 சகோதரர்களையும் கொல்ல வைத்தான். அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பதால் கழுத்தை இறுக்கித்தான் கொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த சாந்த குணமுள்ள பையனுக்கும் வாளெடுப்பதைத் தவிர வழி இல்லை, ஆசையே வேண்டாம், பயம் போதும். ஓடிப்போவதும் ஒரு வழிதான், ஆனால் 1482-ல் ரோட்ஸ் தீவுக்கு ஓடிய இளவரசன் ஜெம் சாகும்வரை அந்நியர் கையில் பணயப் பொருளாகவே இருந்தான், அவனைத் திரும்ப விடாமல் வைத்துக்கொள்ள அண்ணன் வருடா வருடம் பணம் கட்டினான். 1603-க்குப் பிறகு கொலை குறைந்து, சகோதரர்களை அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்கும் பழக்கம் வந்தது, விளைவு, வருடக்கணக்கில் கதவு திறக்குமோ கயிறு வருமோ என்று நடுங்கியவர்கள் திடீரென்று சுல்தான் ஆனார்கள். இரக்கத்தால் வந்த சீர்திருத்தம் வேறொரு நோயைக் கொண்டுவந்தது. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு பழைய சீர்திருத்தம் இருந்தால் உலகம் உடனே கனம் பெறும்.

மந்திரம். இதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் மந்திரம் என்று நம்பியதைச் சாப்பிட்டுச் செத்த அரசர்கள் நிறையப் பேர் உண்டு. சீனாவில் தாங் வம்சத்துப் பேரரசர்கள் பலர் சாகாமருந்து என்று பாதரசம் கலந்ததை உட்கொண்டு உடம்பும் புத்தியும் கெட்டார்கள். டிராகன், வாரிசுச் சண்டை, மந்திரம் என்ற உங்கள் மூன்று விஷயமும் ஒரே இடத்தில் சேரும் சம்பவம் அதற்கும் முன்னால், கி.மு. 210-ல். சாகாமை தேடி அலைந்தவன் முதல் பேரரசன் சின் ஷிஹுவாங். "இந்த ஆண்டு மூதாதை டிராகன் சாகும்" என்று ஒரு மர்ம மனிதன் சொல்லிவிட்டுப் போனதாகச் சீன வரலாற்று நூல் சொல்கிறது, அந்த டிராகன் அவனேதான். பயணத்தில் வழியிலேயே செத்தான். கூட இருந்த அதிகாரி ஜாவ் காவும் அமைச்சர் லி ஸியும் சாவை மறைத்தார்கள், வண்டியில் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது, பிண நாற்றம் தெரியாமலிருக்கக் கூடவே கருவாட்டு மூட்டைகளை ஏற்றினார்கள். மூத்த மகன் ஃபூஸுவுக்கு, தற்கொலை செய்துகொள் என்று பேரரசன் பெயரில் போலி ஆணை போயிற்று. பக்கத்தில் இருந்த தளபதி, இது நிஜமா என்று கேட்டனுப்பலாமே என்று கெஞ்சினான். தகப்பன் உத்தரவு போட்ட பிறகு கேள்வி என்ன என்று ஃபூஸு செத்தே போனான். இளையவன் பட்டத்துக்கு வந்தான், சில ஆண்டுகளில் வம்சமே அழிந்தது.

ஆபத்தான மந்திரம் என்றால் பெரும்பாலும் மூக்கில் ரத்தம் வருவது, மயங்கி விழுவது, இப்படித்தான் எழுதுகிறார்கள். அது வெறும் களைப்பு, இரண்டு நாள் படுத்து எழுந்தால் போய்விடும். மந்திரத்தின் விலை அரியணையையே தொட வேண்டும். பிரயோகித்தவருக்கு இனிமேல் பிள்ளை பிறக்காது என்று வையுங்கள், மூத்தவள் போரை மந்திரத்தால் ஜெயிக்கலாம், ஆனால் ஜெயித்த அன்றைக்கே அடுத்த வாரிசுப் போர் தொடங்கிவிடுகிறது. விலை நினைவாக இருக்கலாம், தகப்பன் கடைசியாக என்ன சொன்னார் என்பதைக் கேட்ட ஒரே சாட்சி அதை மறந்துவிடலாம். அந்த விலையை வேறொருவன் தலையில் கட்ட முடியுமானால் இன்னும் மோசம், இன்னும் நல்ல கதை. இன்றைய ஈராக் பகுதியான பழைய மெசபடோமியாவில் கெட்ட கிரகணம் வந்தால் அரசனுக்கு வர வேண்டிய சாவை ஏமாற்ற, ஒரு பதிலியைக் கொஞ்ச நாள் சிங்காதனத்தில் உட்காரவைத்துப் பிறகு கொன்றுவிடும் சடங்கு இருந்தது. ஈசின் நகரத்து அரசன் எரா-இமிட்டி அப்படி என்லில்-பானி என்ற தோட்டக்காரனை உட்காரவைத்தான், சடங்கு நடக்கும்போதே சூடான கஞ்சியைக் குடித்து அசல் அரசன் செத்துப்போனான், உட்கார்ந்தவன் எழுந்திருக்க மறுத்துவிட்டான் என்று பிற்கால ஆண்டுக்குறிப்பு ஒன்று சொல்கிறது. கஞ்சிக் கதை கட்டுக்கதையாக இருக்கலாம், என்லில்-பானி என்ற அரசன் அங்கே நிஜமாகவே ஆண்டான் என்பதில் சந்தேகமில்லை. மந்திரம் பலித்ததா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள். அரசன் சாவான் என்றது சகுனம், அரசன் செத்தான். எந்த அரசன் என்பதில்தான் எல்லோரும் ஏமாந்தார்கள்.

மந்திரத்துக்கு எவ்வளவு விதி விளக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அட்டவணை போட்டு விளக்கினால் ரசிக்கிறவர்களும் உண்டு, மர்மமாக விட்டால் ரசிக்கிறவர்களும் உண்டு, இதில் ஒரே சரியான பதில் இருப்பதாக நான் நம்பவில்லை. ஒன்றே ஒன்று, விலையை முதலில் ஒரு சின்ன ஆள் கட்டுவதைக் காட்டிவிடுங்கள், ஒரு சமையற்காரியோ குதிரைக்காரனோ. முக்கியப் பாத்திரம் அதே இடத்துக்கு வந்து நிற்கும்போது நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிராது.

போரின் கனத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு வெளியே எங்கேயும் தேட வேண்டாம். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதி நின்றபோது புலவர் கோவூர் கிழார் போய்ச் சொன்னது நினைவிருக்கும். எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனோ வேப்பம்பூ சூடிய பாண்டியனோ இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். கோப்பெருஞ்சோழன் சொந்த மகன்கள்மேல் படையெடுத்துக் கிளம்பியபோது புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்டது அதைவிடக் கூர்மை: இவர்களைக் கொன்று ஜெயித்துவிட்டால் அப்புறம் நாட்டை யாருக்கு விட்டுவிட்டுப் போவாய்? உங்கள் நாவலில் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கட்சியிலும் சேராத, படை இல்லாத, ஆனால் அரசன் முகத்துக்கு நேரே பேச உரிமை உள்ள ஓர் ஆள். இந்த வேலையை டிராகனிடம் கொடுக்காதீர்கள், அது சொன்னால் கட்டளையாகிவிடும். மனிதன் சொன்னால்தான் அவன் கேட்காமல் போவதற்கு இடம் இருக்கும்.

கடைசியாக, டிராகனின் பார்வையில் ஓர் அத்தியாயம் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிப் பாருங்கள், ஆனால் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம் என்பேன். அது என்ன விரும்புகிறது, எதைக் கவனிக்காமல் விடுகிறது, முந்தைய அரசர்களில் யார் பெயர் அதற்கு நினைவிருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகனுக்கு மலைமேல் போய்வந்தவர்கள் சொல்வது மட்டும் போதும். மூத்தவளின் ஆள் ஒரு பதிலோடு வருகிறான், நடுவிலானின் ஆள் வேறொரு பதிலோடு வருகிறான், இருவருமே பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் வேறு. உங்கள் முதல் நூறு பக்கத்தில் டிராகன் எல்லோர் முன்னாலும் பேசுகிற காட்சி எதுவும் இருந்தால் அதை முதலில் வெட்டுங்கள், நண்பர் கேட்ட கேள்வி அந்தக் காட்சியிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.